பிடியரிசியும் பிள்ளைகளின் அன்னமும்

உயிர் உடலின்கண் நிலைபெறுதற்கு உணவே முதற்காரணம் என்பது கற்றாரும் கல்லாரும் ஒருங்கறிந்த உண்மையாம். அற்றாயினும், ஓர் ஊரின்கண் விளையும் உணவு அவ்வூரிலுள்ள ஒவ்வொரு வாயினையும் சென்று சேர்தல் எங்ஙனம்? சேர்ந்த உணவு வயிற்றை நிரப்புதலோடு அமையாது, உடலை வளர்த்தற்குரிய சத்தும் உடையதாதல் எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் நம் நாட்டார் காலந்தோறும் கண்ட விடைகள் ஒரு நெடிய சரித்திரமாக விரிந்து கிடக்கின்றன. அச்சரித்திரத்தை ஒருவாறு சுருக்கி நம் குலத்துப் பெருமக்கள் திருமுன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை இப்பொழுது எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நம் சங்கத்தின் அன்னநிதியைச் செலவிடும் முறையைக் குறித்து ஆராய்ச்சி நிகழவிருக்கின்றது. ஆண்டு விழா விருந்தினை இன்னுஞ் சிறப்பாக நடத்தல் வேண்டும் என்பார் ஒரு சாரார். நம் குலத்து மாணாக்கர்க்கு மட்டும் உணவுதவி செய்தல் வேண்டும் என்பார் மற்றொரு சாரார். அரசினரே பள்ளிகளில் உணவளிக்கின்றனர், நமக்கு இதன்கண் வேலை யாது என்பார் மூன்றாஞ் சாரார். இம்மூவர் கூற்றுக்கும் யாம் எம் சொல்லாற் கூறும் விடையினும், நடந்த சரித்திரம் கூறும் விடையே வலிமையுடையதாம் எனக் கருதுகின்றோம்.

பண்டைக்காலத்தில் கற்பார்க்குச் சோறிடுதல் கோயில்களின் கடமையாக இருந்தது. விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரம் என்னும் ஊரிலுள்ள முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, அங்கு நிகழ்ந்த கல்லூரியில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் இருந்தனர் என்றும், அவர்க்கு நாடோறும் இத்துணை நெல் அளக்கப்படுதல் வேண்டும் என்றும் கணக்கிட்டுக் கூறுகின்றது. கற்பிப்பதன் முன்னர்ப் பசியாற்றுதல் வேண்டும் என்ற அறிவு 1000 ஆண்டுகட்கு முன்னரே நம் நாட்டில் நிலைபெற்றிருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆயினும் அந்நெல் வேதமும் வியாகரணமும் ஓதுவார்க்கே அளக்கப்பட்டது. அந்நெல்லை விளைவித்த உழவன் மகனுக்கு அக்கல்லூரியில் இடம் இருந்ததில்லை. உணவு இருந்தது, அதனை அடையும் வாயில் சிலர்க்கே திறந்திருந்தது. இவ்வேறுபாட்டினை வாசகர் மனத்திற் கொள்க. இச்சரித்திரம் முழுதும் இதுவே மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

வாயில் யாவர்க்கும் திறக்கப்பெற்ற ஒரு நன்னாளும் நம் நாட்டில் வந்தது. 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையை நிறுவினார். சாதியும் சமயமும் வினவாது, பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு ஆண்டுச் சோறிடப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. அடிகளார் தாமே பெருஞ்செல்வர் அல்லர். சுற்றுப்புறத்து ஊரார் கொணர்ந்த நெல்லும் பருப்புமே அச்சாலையை நடத்தின. ஊரார் கூடின் ஓர் அடுப்பு எத்துணைக் காலம் எரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதின்று.

அதன் பின்னர் 10 ஆண்டு கழியுமுன்னரே தாது வருடத்துப் பெரும்பஞ்சம் வந்தது. 1876-இல் இரு பருவமழைகளும் பொய்த்தன. 1878 முடிய நீடித்த அப்பஞ்சத்தில் தென்னாட்டிலும் தக்காணத்திலும் மடிந்தவர் தொகையை ஆராய்ச்சியாளர் ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டதாகவே கணிக்கின்றனர். மழையின்மை ஒன்றே இவ்வழிவிற்குக் காரணமாயிற்று என்று கருதுவோர் பலர். அக்கருத்து முழுவுண்மையன்று. பஞ்சம் நிகழ்ந்த அதே ஆண்டுகளில் இந்நாட்டுத் துறைமுகங்களினின்றும் தானியம் கப்பலேறிச் சென்றுகொண்டிருந்தது. இருப்புப்பாதை அமைந்த இடங்களில் தானியம் விலை மிக்க ஊரை நோக்கி ஓடிற்றேயன்றிப் பசி மிக்க ஊரை நோக்கி ஓடவில்லை. களத்தில் விளைவிழந்த கூலியாளன் கையில் காசும் இழந்தான். ஆதலின் கடையில் தானியம் இருப்பினும் அவனுக்கு அஃது இல்லாததேயாயிற்று.

அக்காலத்து இந்திய அரசினரால் அனுப்பப்பெற்ற சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார், பஞ்ச வேலை செய்யும் ஓர் ஆடவனுக்கு நாட்கூலியாக ஒரு ராத்தல் தானியம் வாங்குதற்குரிய காசும் அதன்மேல் ஓர் அணாவுமே போதும் என 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வரையறுத்தார். சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ் என்பார் இதனை வன்மையாக மறுத்தார். வெறுந்தானியம் உடலை நிறுத்தாது, பருப்பு முதலிய தசை வளர்க்கும் உணவும் வேண்டும், கடின வேலை செய்வானுக்கு ஒரு ராத்தல் உயிர் தாங்கவும் போதாது என்பன அவர் கூற்றின் சாரம். மாதங்கள் சில கழிந்து, உயிர்கள் பல ஒழிந்த பின்னரே, அக்கூலி உயர்த்தப்பட்டது. வயிறு நிரம்புதல் வேறு, உடல் ஊட்டம் பெறுதல் வேறு என்னும் வழக்கு நம் மாகாணத்தில் அரசின் அவையேறியது அன்றே எனலாம். சென்னைநகரின் ஊடே செல்லும் பக்கிங்காம் கால்வாயின் பகுதி அப்பஞ்ச வேலையால் வெட்டப்பட்டது என்பதை அதன் கரையில் நடப்பார் எத்துணைபேர் அறிவர்?

பின்னர் அமைந்த பஞ்ச விசாரணைக் குழுவினர் 1880-இல் அளித்த அறிக்கையில், நாடு முழுவதையும் நோக்குமிடத்து உணவு அறவே இல்லாமற் போகவில்லை. வேலையும் வருவாயும் இழந்தமையே மக்களைப் பட்டினியில் தள்ளிற்று என்னும் கருத்தை ஒப்புக்கொண்டனர். அதன் பயனாக 1883-இல் பஞ்ச காலத்துச் சட்டநெறிகள் வகுக்கப்பட்டன. இதனால் நாம் அறியத்தக்கது யாது? ஊரில் நெல் இருத்தல் மட்டும் போதாது. அந்நெல்லை அடைதற்கு ஏழையின் கையில் ஒரு வழியும் இருத்தல் வேண்டும் என்பதாம்.

அத்தகைய வழிகளுள் ஒன்றே நம் தென்பாண்டி நாட்டார் கண்ட பிடியரிசி முறை. அதன் இயல்பை இளைஞர் பலர் அறியாராதலின் ஈண்டுச் சிறிது விளக்குவாம். இல்லத்தரசி உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவாள். நாள் குறித்து ஊர்க் கணக்கன் வீடுதோறும் வந்து அதனைத் தண்டிச் செல்வான். அவ்வரிசி பொதுக் காரியத்திற்கு ஆகும். வணிகர் தம் வியாபாரத்தில் மூட்டைக்கு இத்துணை என ஒதுக்கும் மகமையும் இதனோடு சேரும். விருதுநகரத்து நாடார் சமூகத்தார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விரண்டு வருவாயையும் கொண்டே க்ஷத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியை நிறுவி நடத்தினர். ஊரார் அதனைப் பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே வழங்கினர். அப்பள்ளியிற் பயின்ற சிறுவருள் ஒருவர் பிற்காலத்தில் இந்நாட்டின் முதலமைச்சராகிப் பள்ளிதோறும் சோறிடச் செய்தார் என்பது சரித்திரம் தானே அமைத்துக்கொண்ட பொருத்தமாம். அதனைப் பின்னர்க் கூறுவாம்.

பிடியரிசி முறையின் சிறப்பு அதன் அளவில் இல்லை. அதன் பொதுமையில் உள்ளது. செல்வர் ஒருவர் ஆயிரம் மூட்டை அளிப்பின் ஏனையோர் கைகட்டி நிற்பர், வாங்குவோர் தலைகுனிவர். ஒவ்வொரு வீடும் ஒரு பிடி அளிப்பின், அளிப்போர் என்றும் வாங்குவோர் என்றும் இருவேறு வகுப்பினர் இலராவர். ஏழை வீட்டுத் தாயும் தன் பிடியை இட்டமையின், அவள் மகன் அவ்வுணவை உண்ணும்போது அது தானம் ஆகாது, உரிமையாம்.

நகரவையார் பள்ளிப் பிள்ளைகட்கு உணவளித்த வரலாறு 1920-இல் தொடங்குகின்றது. சென்னை மாநகராட்சி அவையின் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் பயிலும் பிள்ளைகட்குச் சிற்றுண்டி அளித்தற்குத் தீர்மானம் நிறைவேறிற்று. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவிற்கு மேற்படாத செலவு என்று வரையறுக்கப்பட்டது. அப்பகுதியிலிருந்த குடும்பங்கள் பெரும்பாலும் வறியன. பசித்த பிள்ளைகள் பள்ளிக்கு வாராமையே தீர்மானத்திற்குக் காரணம். பின்னர் வேறு சில பள்ளிகட்கும் அது பரவிற்று. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தொகையும் பெருகிற்று. ஆயினும் தொடக்கக் கல்விக்குரிய நிதியினின்று உணவிற்குச் செலவிடல் ஆகாது என அரசினர் தடுத்தமையின், 1925 ஏப்பிரலில் அத்திட்டம் நின்றது. பிள்ளையின் பசி எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதப்படும் என்னும் வினாவிற்கு விடை காணாமையால் அடுப்பு அணைந்தது! அரசினர் செய்யும் அறம் ஒரு கையெழுத்தால் தொடங்கும். ஒரு கையெழுத்தால் முடியவும் கூடும். ஊரார் உள்ளத்தில் வேரூன்றாத திட்டத்திற்கு இவ்வச்சம் என்றும் உண்டு.

அதே காலத்தில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. நெல்லை நாட்டுச் சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பல வகுப்பாரும் அளித்த பொருளால் நடந்த அந்நிலையத்தில், பிராமணச் சிறுவர் இருவர்க்கு மட்டும் தனியே உணவளிக்கப்பட்டது. 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் இது தமிழ்நாடு முழுதும் பெருங்கிளர்ச்சியை எழுப்பிற்று. தமிழகத்து அரசியலின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சிகளுள் ஒன்றாயிற்று. உண்ட சோற்றில் வேற்றுமை இருந்தமையால் எழுந்த வழக்கன்று இது. உண்ட இடத்தில் வேற்றுமை இருந்தமையால் எழுந்தது. உணவு ஊட்டுதல் வேண்டும். அவ்வூட்டம் எவர் மானத்தையும் குறைத்தலாகாது. இவ்விரண்டும் சேர்ந்ததே முழுமையான அன்னம். நம் குலத்தாரும் அக்காலத்தில் இவ்விழிவை எதிர்த்துப் பேசியோரின் வழிவந்தோரே. அன்று பிறர் நமக்கு இழைத்த வேற்றுமையைக் கண்டித்த நாம், இன்று நம் அன்னநிதியால் பிறர்க்கு அவ்வேற்றுமையை இழைத்தல் தகுமா?

இனி, உணவின் சத்தினைக் குறித்த ஆராய்ச்சிக்கு வருவாம். இத்துறையில் உலகிற்கு வழிகாட்டிய நிலையங்களுள் ஒன்று நம் நீலகிரியின் குன்னூரிலேயே இருந்தது என்பது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தி. 1918-இல் மருத்துவர் இராபர்ட்டு மெக்காரிசன் என்பார் ஆண்டுள்ள பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி என்னும் நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது நாளடைவில் உணவாராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பெற்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என விளங்குகின்றது. மெக்காரிசன் இந்நாட்டின் பல பகுதியார் உண்ணும் உணவுகளை வெள்ளெலிகட்குத் தனித்தனியே ஊட்டி வளர்ச்சியை அளந்தார். கோதுமை அடையும் பாலும் பருப்பும் கீரையும் உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியையே பெரும்பான்மையாகக் கொண்ட சென்னை மாகாணத்து உணவை உண்டவை மிகவும் பின்தங்கின. நம் நாட்டார் இதனைக் கேட்டு நாணுதல் வேண்டா. காரணம் அறிதல் வேண்டும்.

காரணம் யாது? நெல்லை உரலிலிட்டு உலக்கையாற் குத்திய காலத்தில் அரிசியின்மேல் தவிட்டுப் படலம் ஓரளவு எஞ்சி நின்றது. எந்திர ஆலைகள் வந்து வெண்மை மிகும்வரை தீட்டியபோது அப்படலம் நீங்கிற்று; அதன்கண் உறைந்த உயிர்ச்சத்தும் அதனோடு நீங்கிற்று. மக்கள் வெண்சோற்றை உண்டனர். சத்து மாட்டுத் தொட்டிக்குச் சென்றது. ஆயினும் நம் தமிழ்நாட்டு உழவர் வழக்கமொன்று பெருங்கேட்டைத் தடுத்தது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திப் புழுங்கலரிசியாக்குங்கால், தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே செறிந்துவிடுகின்றது. பின்னர்த் தீட்டினும் அது முற்றும் நீங்குவதில்லை. அக்காலத்துச் சென்னை மாகாணத்தின் வடகோடியில், தீட்டிய பச்சரிசி உண்ட தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நோய் மிக்கிருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாயிருந்ததற்கு இதுவே விளக்கம் என அறிஞர் கண்டனர். எழுத்தறியாத நம் பாட்டிமார் அவித்த நெற்பானையில் ஆராய்ச்சிக் கூடத்து உண்மை அடங்கியிருந்தது! 1934-இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கமும், அதனை நடத்திய தஞ்சைத் தமிழராகிய ஜே. சி. குமரப்பாவும் கைக்குத்தல் அரிசியைப் பரப்ப உழைத்தது இவ்வறிவின் வழிப்பட்டதேயாம்.

அரிசியின் வெண்மைக்கு மயங்கிய நாம் மற்றொன்றையும் இழந்தோம். கேழ்வரகு, கம்பு, சோளம், வரகு, சாமை, தினை என்னும் புன்செய்த் தானியங்களை ஏழையர் உணவென இகழ்ந்து ஒதுக்கினோம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணச்சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமளவே உண்டு. நெல்லரிசிச் சோறு விருந்திற்கும் திருநாளிற்கும் உரியதாக இருந்த காலத்தில், கூழும் களியும் உண்டு வளர்ந்த எலும்புகள் உரமுடையனவாயிருந்தன. 2023-ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவையினர் சிறுதானிய ஆண்டாக அறிவித்துக் கொண்டாடிய பின்னரே, நம்மவர் சிலர் அவற்றைத் திரும்பி நோக்கினர்.

1942-இல் இரங்கூன் நகரம் யப்பானியர் கையில் வீழ்ந்து பர்மா அரிசி வருதல் நின்றபோது, அயல்நாட்டு அரிசியை நம்பியிருப்பதன் தீங்கு வெளிப்பட்டது. 1943-இல் வங்கத்தில் பெரும்பஞ்சம் எழுந்தது. சென்னையில் பங்கீட்டு முறை வந்தது. 1952-இல் இராசாசி அக்கட்டுப்பாட்டை நீக்கினார். பின்னர் 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. நியாயவிலைக் கடைகள் ஊர்தோறும் பெருகின. 2011 ஜூன் முதலாக அரிசி விலையின்றி வழங்கப்படலாயிற்று. தாது வருடத்தில் கடையில் தானியம் இருந்தும் வாங்க வகையின்றி மாண்ட மக்களின் பேரர்க்குப் பேரர், இன்று அட்டையைக் காட்டி அரிசி பெறுகின்றனர். இதனை இழிவென எண்ணுவார் நம்முள்ளும் உளர். இஃது இழிவன்று, ஐம்பது இலட்சம் உயிரைக் கொடுத்து நாடு கற்ற பாடத்தின் பயன்.

பள்ளியுணவின் சரித்திரத்திற்கு மீளுவாம். பிடியரிசிப் பள்ளியிற் பயின்ற காமராசர் 1954-இல் முதலமைச்சரானார். 1956-இல் எட்டயபுரத்தில் பகலுணவு தொடங்கிற்று. கல்வித்துறை இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் சென்று மக்களைத் தூண்டினார். தொடக்கத்தில் அரசின் கருவூலத்தை நம்பாது, ஊரார் தந்த நெல்லும் விறகும் காய்கறியுங் கொண்டே பல பள்ளிகளில் அடுப்பு எரிந்தது. பின்னர் அரசு செலவில் ஐந்தில் மூன்று பங்கையும், ஊரார் இரண்டு பங்கையும் ஏற்பது என்று ஏற்பாடாயிற்று. பிடியரிசி மாநிலம் முழுமைக்கும் விரிந்தது எனலாம். 1982 ஜூலை முதல் நாள் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984-இல் அது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரை நீண்டது. 1989-இல் மு. கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம், நாடெங்குமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவே அளித்தல் வேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15-இல் மு. க. ஸ்டாலின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகட்குக் காலையுணவையும் மதுரையில் தொடங்கிவைத்தார். கட்சி வேறுபாடின்றி ஒருவர் இட்ட அடுப்பை மற்றொருவர் அணையாது வளர்த்த இச்செய்தி நம் நாட்டு அரசியலில் அரியதொன்று.

அங்ஙனமாயின் இனி நமக்கு வேலை யாது? மூன்றாஞ் சாரார் கேள்விக்கு விடை கூறுமிடம் இது. 2019 முதல் 2021 முடிய நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 53 பேர் குருதிச்சோகை உடையவர். ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 25 பேர் வயதிற்கேற்ற உயரமின்றிக் குறுகியிருந்தனர். அரிசி இல்லாத வீடு இல்லை. குருதி குறையாத வீடும் அரிது! இது பிறர் வீட்டுச் செய்தி என்று எவரும் கடந்து செல்லற்க. பகலுணவின் 1984-ஆம் ஆண்டு விரிவு மேல்நிலை வகுப்புகளை எட்டவில்லை. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பெண்மக்கள், உடலில் குருதி மிக வேண்டப்படும் பருவத்தில், காலை ஏழு மணிக்கே பேருந்தேறிப் பள்ளிக்கு வருகின்றனர். வீட்டில் தந்தையும் தமையனும் உண்டபின் எஞ்சியதே அவர்க்கு ஆகாரம் என்னும் வழக்கமும் முற்றும் ஒழிந்தபாடில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் பெண்ணை யாம் எம் ஆசிரியத் தொழிலிற் கண்ட நாட்கள் பல. வினவினால், உண்டேன் என்றே கூறுவாள். வயிறு உண்டதை முகம் காட்டாது. மேலும் பள்ளி நடப்பது ஆண்டிற்கு ஏறக்குறைய 220 நாள். எஞ்சிய நாட்களில் பள்ளி அடுப்பு எரிவதில்லை.

ஆகவே அரசு செய்யும் பணியின் எல்லை முடியுமிடமே நம் பணியின் தொடக்கம். நம் கருத்துகளைச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது, பிடியரிசியைப் பிடிபயறாக மாற்றுவோமாக. அரிசிக்கு இன்று குறைவில்லை, பருப்பிற்கே குறைவு. ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம் என்க. நூறு வீடுகள் வாரத்தில் இருமுறை ஒவ்வொரு பிடி கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஒதுக்கின், வாரத்திற்கு 10 கிலோகிராம் ஆகும். தலைக்கு 50 கிராம் எனக் கொள்ளின் 200 பங்கு. ஐந்து நாட்கு நாள் ஒன்றுக்கு 40 பெண்மக்கட்குச் சுண்டல் அளிக்கலாம். ஒவ்வொரு பங்கிலும் ஏறத்தாழ 9 கிராம் புரதம் உண்டு. அதனோடு ஒரு துண்டு நெல்லிக்காயோ கொய்யாவோ சேரின், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்தல் எளிதாகும். உண்டவுடன் தேநீர் பருகும் வழக்கம் அச்சத்தைச் சேரவிடாது தடுக்குமாதலின் அதனை விலக்குதல் நலம். ஒரு வீட்டிற்கு வாரம் 100 கிராம் பயறு பெருஞ்சுமையன்று. இதனைக் கொடுக்க இயலாத வீட்டார் தம் கொல்லையின் முருங்கைக்கீரை ஒரு பிடி கொடுப்பினும் அமையும். கொடாத வீடு என ஒன்று இல்லாதிருத்தலே இதன் உயிர்நாடி.

இரண்டாவது, பயறும் சிறுதானியமும் நம் ஊர்ப் புன்செய் உழவரிடமே அறுவடைக் காலத்தில் வாங்கிச் சேமித்தல் வேண்டும். விலை வீழ்ந்த காலத்தில் உழவனுக்கு ஓர் ஆதரவு. விலை ஏறிய காலத்தில் ஊருக்கு ஓர் இருப்பு. முன்னோர் வீடுதோறும் குதிர் வைத்திருந்தனர். துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்தியும், பயற்றில் வேப்பிலையிட்டும் வண்டு அணுகாமற் காத்தனர். நம் சங்கக் கட்டடத்தின் பின்னறை ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றது. அஃது ஊர்க்குதிராதல் தகும்.

மூன்றாவது, ஆண்டு விழா விருந்தினை யாம் வெறுக்கின்றோமல்லோம். குலத்தார் கூடியுண்ணுதல் இன்பமே. ஆயினும் ஒருநாள் இலையில் எஞ்சி எறியப்படும் பண்டத்தின் விலை, பல நாள் சுண்டலின் விலையாதலைச் செயலாளர் கணக்குப் பார்த்துக் கூறுவாராக. இலையின் வகைகளிற் சில குறையினும் விருந்தினர் மனம் குறையார்.

நான்காவதும் முதன்மையானதும் இது: இவ்வுணவு நம் குலத்துப் பிள்ளைக்கு மட்டும் எனல் ஆகாது. ஒரே பலகையில் அமர்ந்து ஒரே பாடத்தைக் கற்கும் இருவருள் ஒருத்திக்குச் சுண்டலும் மற்றொருத்திக்கு வெறுங்கையும் என்பது ஆயின், நாம் ஊட்டியது சத்தன்று, பிரிவினையாம். பள்ளியிற் பட்டியல் சமூகத்துப் பெண்ணொருத்தி சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது எனச் சில ஊரார் தடுத்த செய்திகள் இந்நூற்றாண்டிலும் வெளிவந்தன. அத்தகைய ஊர் எனும் பெயர் நம் ஊருக்கு வாராதிருத்தல் வேண்டும். நம் பொருளை நாம் பிறர்க்கு ஏன் கொடுத்தல் வேண்டும் என்பார் ஒன்றை எண்ணுக: நம் வீட்டு நெல்லை நட்டதும் களையெடுத்ததும் அறுத்ததும் யார் கைகள்? அக்கைகளுக்குரியவர் பிள்ளைகள் நம் பந்தியில் அமர்தல் நாம் காட்டும் கருணையன்று. நாம் தீர்க்கும் கடன். எண்ணாயிரத்துக் கல்வெட்டில் உழவன் மகனுக்கு இடமில்லை என்று வருந்திய நாம், நம் தீர்மானப் புத்தகத்திலும் அதே கல்வெட்டினை எழுதுதல் நகைப்பிற்கிடமாம்.

பொதுக்கூட்டத்திற்கு வரும் அன்பர்கள் இவற்றை ஆராய்ந்து கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுவாராக. தாய்மார்களையும் கூட்டத்திற்கு உடனழைத்து வருதல் மிகவும் இன்றியமையாதது. பிடியளக்கும் கை அவர் கையாதலின், அவர் ஒப்பாத தீர்மானம் ஏட்டளவில் நிற்கும். அவர் ஒப்பின், வரும் ஆவணி முதல் நாளிலேயே நூறு வீடுகளில் நூறு கலயங்கள் அடுப்பருகே ஏறும். கலயம் வாங்குதற்கும் பொருள் வேண்டுவதில்லை. ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் பயனின்றி ஒன்று கிடக்கின்றது.